தவிடு ஒரு பக்கம், தழை ஒரு பக்கம்

அரவக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது:

"டாக்டர் ஐயாவுக்கு வணக்கமுங்க. எங்களுக்கு நாலு ஏக்கர் கொறங்காடும் (வேலி போட்ட மேய்ச்சல் காடு) ஒன்றரை ஏக்கர் முருங்கையும் இருக்கிறது. சேலம் கருப்பு வெள்ளாடு பதினெட்டு, மேச்சேரி செம்மறி ஆறு. கறிக்கு விற்கலாம் என்று மூன்று கிடாய்க் குட்டிகளைச் சின்னதிலேயே காயடித்து, மேய்ச்சலுக்கு விடாமல் தனியாகக் கட்டி வளர்த்தோம். அரிசித் தவிடும் மக்காச்சோள மாவும் பாதிப் பாதி கலந்து, நாளைக்கு ஒரு கிடாய்க்கு முக்கால் கிலோ. நன்றாகத்தான் ஏறி வந்தன. போன மாதம் அதில் ஒன்று முக்கி முக்கி நின்றது. புழுக்கை போகவில்லை என்று விளக்கெண்ணெய் ஊற்றினோம். நாலாம் நாள் வயிறு உப்பிச் செத்துவிட்டது. மேய்கிற பெட்டை ஆடுகளோ சுவரை நக்குகின்றன, சாக்கைக் கடிக்கின்றன. கறுகறுவென்று இருந்த முடி செம்பட்டை அடித்துவிட்டது. கடைப் பவுடர் எதுவும் இல்லாமல் இயற்கையாகவே சத்துக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. முட்டை ஓட்டுப் பொடி, சுண்ணாம்புத் தெளிவு, மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்த தண்ணீர் என்று செல்போனில் வீடியோ வருகிறது. கொடுக்கலாமுங்களா?"

வணக்கம் அம்மா.

உங்கள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் மிச்சம் இருக்கிற இரண்டு கிடாய்களைப் போய்ப் பாருங்கள். மூத்திரம் போகும் இடத்தைச் சுற்றியுள்ள முடியை விரலால் உருட்டிப் பார்த்தால் மணல் மாதிரி நறநறவென்று தட்டுப்படுகிறதா? மூத்திரம் பீய்ச்சிப் போகாமல் சொட்டுச் சொட்டாக வருகிறதா? வாலை ஆட்டிக்கொண்டே, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு முக்குகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம். இருக்கிறதோ இல்லையோ, தவிட்டையும் மாவையும் இந்த வேளையோடு நிறுத்திவிட்டுத் தழையும் தண்ணீரும் மட்டும் வையுங்கள்.

செத்த கிடாய்க்கு வந்தது மலச்சிக்கல் இல்லை, கல்லடைப்பு. நீங்கள் மட்டுமில்லை, ஆட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் இதில் ஏமாறுவார்கள். மூத்திரத்துக்கு முக்கினாலும் புழுக்கைக்கு முக்கினாலும் ஆடு நிற்கிற நிலை ஒன்றுதான். கிடாயின் மூத்திரக் குழாய் நேராகப் போவதில்லை. நடுவில் எஸ் மாதிரி வளையும், நுனியில் புழுவைப் போல மெல்லிசாக முடியும். இந்த இரண்டு இடத்தில்தான் கல் சிக்கும். ரொம்பச் சின்னதிலேயே காயடித்துவிட்டால் குழாய் விரிந்து வளராமல் குறுகலாகவே நின்றுவிடும். நாலைந்து மாதம் கழித்துக் காயடிப்பது இந்த வகையில் நல்லது. கல் நுனியில் சிக்கியிருந்தால் மருத்துவர் அந்தப் புழு நுனியை மட்டும் கத்தரித்து விட்டே பல கிடாய்களைப் பிழைக்க வைக்க முடியும். தாமதித்தால் மூத்திரப்பை உள்ளே வெடித்துவிடும். அப்போது வலி அடங்கி, ஆடு ஒரு நாள் தெளிந்தது போலக்கூடத் தெரியும். அதற்குப் பிறகு வயிறு உப்பும். உங்கள் கிடாய்க்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கல் எங்கிருந்து வந்தது என்றால், தவிட்டிலிருந்து. இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். உங்கள் கேள்விக்கான பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

ஆட்டுத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து இரண்டு பங்கு என்றால் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், ஒரு பங்கு இருக்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் பரவாயில்லை, ஆனால் சுண்ணாம்பை மணிச்சத்து மிஞ்சவே கூடாது. அரிசித் தவிட்டில் மணிச்சத்து நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு, சுண்ணாம்போ ஆயிரத்துக்கு ஒரு பங்குதான். மக்காச்சோளத்திலும் சுண்ணாம்பு பேருக்குத்தான். நீங்கள் வைத்த முக்கால் கிலோ கலவையில் கிட்டத்தட்ட 7 கிராம் மணிச்சத்து போயிருக்கிறது. சுண்ணாம்பு அரை கிராம் தேறினால் அதிகம். தலைகீழ்க் கணக்கு!

இன்னொன்றும் இருக்கிறது. தழை, தட்டு தின்கிற ஆடு மணிக்கணக்கில் அசை போடும், உமிழ்நீர் குடம் குடமாகச் சுரக்கும். மிஞ்சிய மணிச்சத்து அந்த உமிழ்நீர் வழியாகக் குடலுக்குப் போய்ப் புழுக்கையோடு வெளியேறும். மாவும் தவிடும் தின்கிற ஆட்டுக்கு மெல்ல என்ன இருக்கிறது? அசை குறையும், உமிழ்நீர் குறையும், மிஞ்சியது மூத்திரத்தின் பக்கம் திரும்பும். தண்ணீரும் குறைவாகக் குடித்தால் அது கெட்டியாகிக் கல்லாகும்.

இப்போது உங்கள் பெட்டை ஆடுகளைப் பாருங்கள். அவற்றின் கதை நேர் எதிர். வெயில் காலக் கொறங்காட்டில் காய்ந்த கொழுக்கட்டைப் புல்லில் மணிச்சத்து ரொம்பக் குறைவு. மழைக்குப் பிறகு துளிர்க்கிற இளம் புல்லில் இருக்கும், முற்றிக் காய்ந்தால் போய்விடும். பெட்டைகளுக்கு நீங்கள் தவிடு வைப்பதாக எழுதவில்லை. கிடாய்களுக்கு முருங்கைத் தழை போட்டதாகவும் எழுதவில்லை. ஆக, ஒரே கொட்டகையில் ஒரு பக்கம் மணிச்சத்து மிஞ்சிக் கிடாய் செத்திருக்கிறது, இன்னொரு பக்கம் அதே மணிச்சத்து போதாமல் பெட்டைகள் சாக்கைக் கடிக்கின்றன போலும். கடைக்கே போக வேண்டாம், இரண்டு தொட்டியையும் மாற்றிக் கலந்தாலே முக்கால்வாசி சரியாகிவிடும்.

எவ்வளவு என்று கேட்பீர்கள். அகத்திக்கீரை 100 கிராமில் ஒரு கிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து உண்டு, மணிச்சத்து சொற்பம். ஒரு கிலோ அகத்தி இலையோடு 300 கிராம் தவிடு சேர்ந்தால் சுண்ணாம்பு சுமார் 10 கிராம், மணிச்சத்து 5 கிராம். கச்சிதமாக இரண்டுக்கு ஒன்று. எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். தழையிடம் இல்லாதது தவிட்டிடம், தவிட்டிடம் இல்லாதது தழையிடம். உங்களிடம் இருப்பது முருங்கை. அதில் அகத்தியின் பாதிக்கும் குறைவாகத்தான் சுண்ணாம்பு, 100 கிராமுக்கு 300 முதல் 440 மில்லிகிராம். அதனால் இரண்டு கிலோ தழைக்கு 200 கிராம் தவிடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலியோரம் பத்து அகத்தி விதை ஊன்றிவிட்டால் அடுத்த ஆண்டு இதைவிட வசதி. கவாத்து செய்கிற முருங்கைக் கிளைகளை வேலிக்கு வெளியே தள்ளி எரிக்கிற பழக்கம் உங்கள் ஊரில் உண்டு, நானே பார்த்திருக்கிறேன். எரிவது உங்கள் ஆட்டின் எலும்பும் பாலும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: மருந்து அடித்த முருங்கை என்றால் அந்த மருந்துக்குச் சொன்ன நாள் கழியாமல் தழை வெட்ட வேண்டாம்.

சூபாபுல் என்கிற சவுண்டல் இருந்தால் அதுவும் நல்ல தழைதான். ஆனால் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அதிலுள்ள மைமோசின் என்ற பொருள் முடியை உதிர்க்கும், கழுத்துச் சுரப்பியையும் கெடுக்கும். இதில் ஒரு சுவையான சங்கதி உண்டு. ஆஸ்திரேலியாவில் சவுண்டல் தின்று மாடுகள் நோஞ்சானாகிக்கொண்டிருந்தபோது, ஹவாய்த் தீவில் ஆடுகள் அதையே தின்று கொழுத்துக்கொண்டிருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி, அந்த ஆடுகளின் வயிற்றில் இருக்கும் ஒரு நுண்ணுயிர்தான் நஞ்சை முறிக்கிறது என்று கண்டுபிடித்தார். அந்த நுண்ணுயிருக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். ஆட்டின் வயிறு பழகப் பழகத்தான் சமாளிக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். எந்தத் தழையானாலும் ஒரே நாளில் வயிறு முட்டப் போடாதீர்கள், பத்து நாளில் கூட்டிக்கொண்டே போங்கள். தவிட்டுக்கும் இதே விதிதான்.

சரி, சுவர் நக்குவதற்கு வருவோம். மணிச்சத்துக் குறைவு ஒரு காரணம். அதைவிடச் சாதாரணமான காரணம் உப்பு. தழையோ புல்லோ தானியமோ, ஆடு தின்கிற பெரும்பாலான தீவனத்தில் சோடியம் போதுமான அளவு கிடையாது. எவ்வளவு இயற்கையாக வளர்த்தாலும் உப்பை வெளியிலிருந்துதான் கொடுத்தாக வேண்டும். உவர்மண்ணைத் தேடிப் போய் ஆடுகள் நக்குவதை உங்கள் மாமியார் பார்த்திருப்பார், கேளுங்கள். பெரிய ஆட்டுக்கு நாளைக்கு 5 முதல் 10 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் முதல் ஒன்றரை. கல் உப்பைத் துணியில் முடிந்து ஆட்டின் முகம் எட்டுகிற உயரத்தில் கட்டித் தொங்கவிட்டாலும் போதும், தேவைக்கு நக்கிக்கொள்ளும். கிடாய்களுக்கு உப்பு இன்னும் முக்கியம். உப்புத் தின்றால் தண்ணீர் குடிக்கும், தண்ணீர் குடித்தால் கல் சேராது. ஆனால் தொட்டியில் பாசி பிடித்திருந்தால் வெள்ளாடு தாகத்தோடு நின்றாலும் நின்றுகொண்டே இருக்கும், வாய் வைக்காது. மாட்டைவிட அதற்குச் சுத்தம் அதிகம்.

உப்பு வாங்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். மூட்டையில் வருகிற மாட்டு உப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள். சினையாடுகளுக்கு மட்டுமாவது நீங்கள் சமையலுக்குப் பயன்படுத்தும் அயோடின் உப்பைக் கொடுங்கள். அயோடின் குறைந்த தாய்க்குக் கழுத்துக் கட்டியோடும் முடியில்லாமலும் குட்டி பிறக்கும். சவுண்டலும் முட்டைக்கோஸ் தழையும் அதிகம் போடுகிற வீடுகளில் இந்த ஆபத்து கூடுதல்.

சுவர் நக்குவதற்கும் முடி மங்குவதற்கும் மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு: வயிற்றுப் புழு. ஆட்டின் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் கவலையில்லை. வெளுத்திருந்தால், தாடைக்கடியில் நீர்ப்பை போல வீங்கியிருந்தால், ரத்தம் குடிக்கிற புழு உள்ளே இருக்கிறது. அப்போது எந்தச் சத்தைக் கொட்டினாலும் ஓட்டைக் குடத்தில் ஊற்றின தண்ணீர்தான். நாலைந்து ஆட்டின் புழுக்கையை மருந்தகத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

இப்போது மயில்துத்தம். கறுப்பு முடி செம்பட்டை ஆவது தாமிரச் சத்துக் குறைவின் பழைய அடையாளம், வீடியோவில் மயில்துத்தம் சொல்வது அதனால்தான் இருக்கும். முடிக்குக் கறுப்பு நிறத்தைக் கொடுக்கிற மெலனினை உண்டாக்கும் நொதி தாமிரம் இல்லாமல் வேலை செய்யாது. தாமிரம் ரொம்பக் குறைந்தால் பிறக்கிற குட்டி பின்னங்கால் நிற்காமல் தள்ளாடும். மயில்துத்தத்தில் தாமிரம் இருப்பதும் உண்மைதான். அந்தக் காலத்தில் வயிற்றுப் புழுவுக்கே மயில்துத்தக் கரைசல் ஊற்றினார்கள். 1961-ல் தயாபெண்டசோல் வந்த பிறகு நல்ல மருந்துகள் வரிசையாகக் கிடைத்தன, அதைக் கைவிட்டுவிட்டோம். கைவிட்டதற்குக் காரணம் இருக்கிறது.

என் பணிக்காலத்தின் ஆரம்பத்தில் ஒரு பட்டிக்குக் கூப்பிட்டார்கள். செம்மறிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன. கண் மஞ்சள், மூத்திரம் காப்பி டிக்காஷன் நிறம். முந்தின நாள் வரை நன்றாக மேய்ந்தவை. நஞ்சு வைத்துவிட்டார்கள் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டார் பட்டிக்காரர். விசாரித்தால், மாட்டுக்கு வாங்கின தாது உப்புக் கலவையை, செம்மறிக்கும் நல்லதுதானே என்று மாதக்கணக்கில் தாராளமாக அள்ளிப் போட்டிருக்கிறார். செம்மறியின் ஈரல் தாமிரத்தை வெளியேற்றாது, சத்தமில்லாமல் சேர்த்துக்கொண்டே போகும். ஒருநாள் மொத்தமாக ரத்தத்தில் கொட்டும், ரத்த அணுக்கள் உடையும், ஓரிரு நாளில் முடிந்துவிடும். நானும் அன்றைக்கு இளைஞன். முதல் இரண்டு ஆட்டைச் சாதாரண மஞ்சள் காமாலை என்று நினைத்துத்தான் பார்த்தேன், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். வெள்ளாடு தாமிரத்தைச் செம்மறியைவிட அதிகம் தாங்கும். ஆனால் உங்கள் கொட்டகையில் ஆறு மேச்சேரி இருக்கிறதே! ஒரே தொட்டியில் மயில்துத்தத் தண்ணீர் என்ற பேச்சே வேண்டாம். வெள்ளாட்டுக்கும் கண் மதிப்பில் கரைத்துக் கொடுத்தால் அது மருந்தாகாது, விஷம்தான்.

கடைப் பவுடர் வேண்டாம் என்கிறீர்கள், மயில்துத்தம் மட்டும் மரத்திலா காய்க்கிறது?

தாமிரத்துக்கு நான் சொல்வது எள்ளுப் புண்ணாக்கு. எண்ணெய் வித்துகளில் தாமிரமும் துத்தநாகமும் நன்றாக இருப்பது எள்ளில். கூடவே மற்ற புண்ணாக்குகளில் இல்லாத அளவுக்குச் சுண்ணாம்பும் உண்டு. பெட்டை வெள்ளாட்டுக்கு நாளைக்கு 50 கிராம், சினையின் கடைசி இரண்டு மாதம் 75 வரை போகலாம். செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் மிச்சம் இருக்கும், அதற்கு மேல் போட்டால் கழியும். பூஞ்சை வாடை அடிக்கிற புண்ணாக்கு எதுவானாலும் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

முட்டை ஓடு கெடுதல் இல்லை. வேகவைத்து, காய வைத்துப் பொடித்தால் அது நல்ல சுண்ணாம்பு. பத்து கிராமில் மூன்றரை கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். ஆனால் முருங்கைத் தழை போடுகிற வீட்டில் அதற்கு வேலையில்லை. தழை கிடைக்காத கடும் கோடையில் தவிட்டோடு ஒரு டீஸ்பூன் சேர்க்கலாம். முட்டை ஓட்டையும் தழையையும் சேர்த்துப் போட்டுச் சுண்ணாம்பை ஏற்றிக்கொண்டே போனால் துத்தநாகம் உடம்பில் ஒட்டாது, தோல் தடித்துச் செதிள் செதிளாக உரியும். எலும்புத்தூள் போடச் சொல்லி வீடியோ வந்தால் அதைத் தள்ளிவிடுங்கள். பிரிட்டனில் 1986-ல் கண்டுபிடித்த மாட்டுப் பைத்திய நோய், மாட்டுக்கு இறைச்சித் தூளும் எலும்புத் தூளும் தீவனமாகப் போட்டதால் பரவியதுதான்.

சுண்ணாம்புத் தெளிவு பற்றி இரண்டே வரி. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றே முக்கால் கிராம் சுண்ணாம்புகூடக் கரையாது. ஒரு டம்ளர் தெளிவில் கிடைப்பது 0.2 கிராமுக்கும் குறைவான சுண்ணாம்புச் சத்து, ஆட்டுக்கு வேண்டியதோ நாளைக்கு 3 முதல் 6 கிராம். அந்த ஒரு டம்ளரில் இருப்பது ஒரு கைப்பிடி முருங்கைத் தழையிலேயே வந்துவிடும், வாயும் வெந்து போகாது.

இவ்வளவும் செய்த பிறகும் இடைவெளி இருக்கலாம். மண்ணில் இல்லாதது செடிக்கு வராது, செடியில் இல்லாதது ஆட்டுக்கு வராது. இயற்கை முறையின் எல்லை அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கொறங்காட்டில் ஒரு வசதி, வெள்வேல், கிளுவை, கொழுக்கட்டைப் புல், கொடிகள் என்று பலதும் வேறு வேறு ஆழத்தில் வேர் விட்டிருக்கும். ஆழத்து வேர் மேல்மண்ணில் இல்லாததையும் இழுத்து வரும். வெள்ளாடு பத்துச் செடியில் பத்து வாய் கடித்துத் தன் கணக்கைத் தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும். கோடையில் உதிர்கிற வெள்வேலங்காயைப் பொறுக்கி வைத்தால் அது வெயில் காலத்துப் புரதம். சீமைக் கருவேலங்காயை மட்டும் கட்டுப்பாடில்லாமல் விடாதீர்கள். கட்டிப் போட்ட கிடாய்க்கு இந்தத் தேர்வு எதுவும் கிடையாது, நீங்கள் போட்டதுதான் அதற்கு உலகம்.

அதனால் சினையின் கடைசி இரண்டு மாதமும் பால் கொடுக்கிற முதல் இரண்டு மாதமும் பெட்டை வெள்ளாடுகளுக்கு நாளைக்கு 5 முதல் 10 கிராம் தாது உப்புக் கலவை கொடுப்பதைத் தப்பு என்று நினைக்காதீர்கள். ஐந்து மாதச் சினையில் குட்டியின் எடையில் முக்கால் பங்கு போல அந்தக் கடைசி இரண்டு மாதத்தில்தான் கூடுகிறது, தாய் தன் எலும்பைக் கரைத்துக் கொடுக்கும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே கலவை தயாரித்து விற்கிறது. கரூரிலேயே அதன் பயிற்சி மையம் இருக்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வகமும் உண்டு. உங்கள் தவிட்டையும் தழையையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்துப் பார்த்தால், என் பொதுக் கணக்கைவிட உங்கள் தோட்டத்துக் கணக்கே கையில் கிடைக்கும். பை மேலே தாமிரம் என்று எழுதியிருக்கிற கலவை எதுவும் மேச்சேரிகளின் தொட்டிக்குப் போகக் கூடாது. அவற்றுக்குத் தழை, கொஞ்சம் தவிடு, உப்பு போதும். தேவை என்றால் செம்மறிக்கு என்றே கேட்டு வாங்குங்கள்.

கிடாய்கள் இரண்டும் மருத்துவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு தலைக்கு நாளைக்கு இரண்டு கிலோ முருங்கைத் தழை, சோளத்தட்டு, 200 கிராம் தவிடு, ஒரு டீஸ்பூன் உப்பு என்று போங்கள். எடை கொஞ்சம் மெதுவாக ஏறும், ஏறட்டும். ஏற்கெனவே கல் சேர்ந்த பட்டி என்பதால் மருத்துவர் நவச்சாரம் எழுதித் தரலாம். மூத்திரத்தைப் புளிப்பாக்கிக் கல் சேராமல் தடுக்கிற பொருள் அது. அளவை அவர்தான் சொல்ல வேண்டும், வீடியோ இல்லை.

செம்பட்டை முடி உடனே கறுக்காது. நிறம் போன முனை உதிர்கிற வரை அப்படியேதான் இருக்கும். இரண்டு, மூன்று மாதம் கழித்து முதுகு முடியை விலக்கி வேர்ப்பக்கம் பாருங்கள். அடியில் கறுப்பாக முளைத்திருந்தால் தாமிரம் போய்ச் சேர்ந்துவிட்டது. அடியும் செம்பட்டையாகவே இருந்தால், புழுக்கைப் பரிசோதனை முடிவோடு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.